உலகம்மை கழுவிய தொட்டி

உலகம்மையின் உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் பிழைப்பே அதில்தான் இருந்தது. நாலடி எட்டு அங்குல உயரம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஏறி நின்றாலும் முப்பத்தாறு கிலோவைத் தாண்டமாட்டாள். பணகுடியில் அவளைப் பெண் பார்க்க வந்த முதல் நாலு கூட்டமும், "மூத்தவளக் காட்டச் சொன்னா எளையவளக் காட்டுதீயளே" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டது. அவளுக்கு இளையவள் என்று யாரும் கிடையாது.

ஐந்தாவதாக வந்தவன் பிச்சைக்கனி. அவனோடு கூட்டமெல்லாம் வரவில்லை. கூட வர அவனுக்கு ஆளும் இல்லை. தாய் தகப்பன் முகம் தெரியாமல், யார் யார் வீட்டிலோ வளர்ந்து, வெல்டிங் படித்துத் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணைப் பார்த்தான். பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி, "ஆளு கொஞ்சம் சின்னது" என்றார். "நான் இருக்கதும் ஒத்த அறை வீடுதான், சரியா இருக்கும்" என்றான் பிச்சைக்கனி. கதவுக்குப் பின்னால் நின்ற உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தொண்ணூற்று ஒன்றாம் வருடம் கல்யாணம் முடிந்தது.

அந்த ஒற்றை அறை கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. சாலைக் கடைத்தெருவின் பின்புறம் இரும்பு கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. அவள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். மேஸ்திரிகள் அவள் தலையில் அரைச்சட்டி கலவைதான் வைப்பார்கள். இரக்கத்தினால்தான் அப்படிச் செய்தார்கள். அந்த இரக்கம் அவளுக்கு ஆத்திரத்தையே மூட்டியது. தான் எதற்கும் முழுதாக உதவாத ஆள் என்ற எண்ணம் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

அந்த முள்ளை எடுத்தது ஒரு நட்டு. பிச்சைக்கனி பாப்பனங்கோடு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்த சமயம். தண்ணீர் சுத்திகரிக்கும் தொட்டிகள் செய்கிற கம்பெனி அது. அங்கே புதுக் கொட்டகை கட்டும் வேலைக்கு உலகம்மையும் வந்திருந்தாள். ஒரு நாள் மூடி முடித்த தொட்டிக்குள் யாரோ ஒரு நட்டைத் தவற விட்டுவிட்டார்கள். தொட்டியில் இருந்த துவாரம் ஒரு ஆள் தலையை நுழைக்கலாம், தோளை நுழைக்க முடியாது என்கிற அளவு. காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். துருப்பிடிக்காத எஃகு நட்டைக் காந்தம் எங்கே பிடிக்கும்? பட்டறைப் பொறுப்பாளர் தாணு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாகர்கோவில்காரர், தொட்டதற்கெல்லாம் தலையில் கைவைப்பவர். கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உலகம்மை வந்தாள், இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள், வழுக்கிக்கொண்டு உள்ளே போனாள், நட்டோடு வெளியே வந்தாள்.

தாணு வாயைப் பிளந்தார். "எம்மா, நீ நாளைக்குத் தொட்டு சட்டி தூக்காண்டாம். இஞ்ச வந்திரு" என்றார். தொண்ணூற்றாறிலிருந்து உலகம்மை தொட்டிக்குள் இறங்கிக் கழுவித் துடைப்பவள். தொழிற்பேட்டை முழுக்க 'தொட்டிக்காரி' என்றால் அவள்தான். அந்தப் பெயரை அவள் நிமிர்ந்தே கேட்டுக்கொள்வாள்.

தண்ணீரைப் பற்றி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் கம்பெனியின் வேதியியல் ஆள், வெங்கடகிருஷ்ணன். கரமனை அக்ரகாரத்துப் பையன், அவளைவிட ஐந்தாறு வயது சிறியவன். அவன் விரல் நுனியெல்லாம் எப்போதும் கறுத்திருக்கும். வெள்ளி நைட்ரேட் என்ற மருந்து பட்டுப் பட்டு வந்த கறை அது. கோவிலில் பிரசாதம் வாங்கக் கை நீட்டினால் குருக்களே ஒரு தரம் உற்றுப் பார்ப்பாராம்.

ஒரு நாள் உப்பு முழுக்க நீக்கிய தண்ணீரை அவன் ஒரு குடுவையில் பிடித்து வைத்திருந்தான். தாகத்தில் உலகம்மை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டாள்.

"ஐயோ, அதக் குடிக்கப்படாது! செரி, எப்படி இருக்கு?"

"சப்புன்னு கெடக்கு சார். தண்ணிக்குள்ள இன்னும் தண்ணி ஊத்துனாப்புல."

வெங்கடகிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அதுதான் சரியான விளக்கம் என்றான். ஆற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ, முதலில் மணலில் வடியும். பிறகு கரியில் வடியும். அதற்குப் பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கிற உப்பைப் பிடிக்க, ரெசின் என்ற கடுகளவு மணிகளைத் தொட்டி நிறைய நிரப்பி, அதன் வழியாகத் தண்ணீரை விடுவார்கள். மணிகள் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து அலுத்துப் போனால், அமிலமும் காரமும் விட்டு மணிகளைக் கழுவி எடுக்கலாம், மறுபடி வேலை செய்யும். ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் இப்படித்தான் தண்ணீர் தயாராகிறது.

"எங்காத்துல மடியா இருக்கறவாகூட இந்தத் தண்ணிகிட்ட தோத்துடுவா, கேட்டேளா? உங்க விரல் வேர்வை ஒரு சொட்டு பட்டாப் போறும், தீட்டாயிடும்" என்றான்.

இந்தப் பாடம் உலகம்மைக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. ஆசாரம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஆயிற்று. தொட்டிக்குள் இறங்குமுன் வளையலைக் கழற்றுவாள், பூவை எடுப்பாள், பொட்டை அழிப்பாள். நெற்றி வியர்வை சொட்டாமல் இருக்கத் தலையைச் சுற்றி இரண்டு துண்டு கட்டுவாள். யாராவது வெறுங்கையோடு தொட்டிப் பக்கம் வந்தால், அவர் தாணுவாகவே இருந்தாலும், "கையுறை எங்க சார்?" என்று மறித்துவிடுவாள்.

இரண்டாயிரத்து மூன்றில் பெரிய வேலை வந்தது. ஒரு அணுமின் நிலையத்துக்கான தொட்டி. அணு உலையைச் சுற்றி ஓடும் தண்ணீரை ஓடும்போதே பிரித்தெடுத்து, ரெசின் வழியாகச் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்புகிற தொட்டி. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு, முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. துருப்பிடிக்காது என்று பெயர்தான் பெரிது. உப்பு மட்டும் அதற்கு ஆகாது. உப்பு பட்ட இடம், உள்ளே சூடும் அழுத்தமும் ஏறும்போது மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். அதனால் அந்த எஃகின் மேல் சாக்பீஸ் கோடு கூடாது, சாதாரண மை கூடாது, குழாய்த் தண்ணீர் கூடாது, மனிதக் கை கூடவே கூடாது. மீறியவர் யாரானாலும் அணுமின் வேலையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் தொட்டியை வெல்டு வைக்கப் பிச்சைக்கனிக்கு ஒரு அட்டை கிடைத்திருந்தது. மும்பையிலிருந்து வந்து பரிசோதித்துக் கொடுக்கிற அட்டை. இரண்டு தரம் தேர்வில் தோற்று, மூன்றாம் தரம் ஜெயித்து வாங்கியது. ஃபோட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். படிப்பு ஏழாம் வகுப்பு, சொந்தம் பந்தம் ஒன்றுமில்லை, ஊரில் காணி நிலமில்லை. 'நான் இன்னார்' என்று காட்ட அவனிடம் இருந்தது அந்த அட்டை ஒன்றுதான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெல்டு வைக்கும்போதுகூட அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வான். பார்க்கிறபோதெல்லாம் உலகம்மைக்கு மனசு குழைந்துபோகும்.

ஐந்து மாதம் வேலை நடந்தது. வெல்டையெல்லாம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு இடத்தில்கூடப் பழுதில்லை. மும்பை ஆய்வாளர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இப்படி ஒரு கையை நான் அதிகம் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். போதாதா? தாணு அதைத் தொழிற்பேட்டை முழுக்கப் பரப்பிவிட்டார். "லே பிச்சைக்கனி, ஒனக்க கை கையில்ல, கேட்டியா! பொன்னாக்கும், பொன்னு!" என்று டீக்கடை வாசலில் நின்று அவனைக் கட்டிப்பிடித்தார். பக்கத்துக் கம்பெனி வெல்டர்கள் நாலைந்து பேர் வந்து அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

உலகம்மை வந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இத்தனை கண்ணா? ஒரு மனுஷன் தாங்குவானா? பள்ளிக்கூடம் போகிற ஒரே மகளுக்கு அவள் வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். அப்போதெல்லாம் பிச்சைக்கனி நடைவாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே, "உப்புக்குப் பிடிச்ச கேடு" என்று கிண்டல் செய்வான். அதனால் அவனுக்குச் சுற்ற அவளுக்கு இதுவரை துணிச்சல் வந்ததில்லை.

கடைசிப் பரிசோதனை நாள் வந்தது. ஆய்வாளர் பத்தரைக்கு வருவார். காலை எட்டரைக்கு, கொட்டகையில் வேறு யாரும் இல்லாதபோது, பிச்சைக்கனி தொட்டியின் முன்னால் நின்று தன் வெல்டைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துக்கொண்டிருந்தான். உலகம்மை மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். ஒரு பிடி கல்லுப்பு, மூன்று வற்றல் மிளகாய். பிரிக்கப் போனவள் நின்றாள். தொட்டிக்குப் பக்கத்தில் வெறுங்கையா? ஊரையெல்லாம் மறிக்கிறவள் தானே மீறலாமா? புதுசாக ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை உறையிலிருந்து எடுத்து, முறையாக மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் உப்பை அள்ளினாள்.

சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நேரத்தில் அவள் எவ்வளவு பயபக்தியோடு இருந்தாள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கணவன் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக மூன்று சுற்று சுற்றினாள். அவன் அந்தப் பக்கம் போனதும், ஏணியில் ஏறித் தொட்டியின் வாய்க்கும் மூன்று சுற்று. பொட்டலத்தை மடித்து, கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீக்கடை அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள். மிளகாய் கமறவே இல்லை. பார்த்தாயா, எவ்வளவு கண் என்று பெருமூச்சு விட்டாள். நிம்மதியாகத் திரும்பி வந்து, ஆணியில் இருந்த அதே கையுறையை மாட்டிக்கொண்டு, கடைசித் துடைப்புக்காகத் தொட்டிக்குள் இறங்கினாள்.

பத்தரைக்கு ஆய்வாளர் வந்தார். நரைத்த மீசை, கறாரான மனிதர். உள்ளே நாலு இடத்தில் துடைத்து எடுக்கச் சொன்னார். ஈரப் பஞ்சை இடுக்கியில் பிடித்துத் துடைத்து, தனித்தனிக் குழாயில் போட வேண்டும். வேறு யார் போவது? அவர் பெட்டியிலிருந்தே கொடுத்த புதுக் கையுறையோடு உலகம்மை இறங்கினாள். பழைய ஜோடி அவள் மேலங்கிப் பையில் கிடந்தது. நாலு குழாய்களையும் மேலே நீட்டினாள். வெங்கடகிருஷ்ணன் ஒவ்வொன்றிலும் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டு சொட்டாக விட்டான். உப்பு இருந்தால் பால் கலந்ததுபோல் வெளுக்கும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும்.

வெல்டு ஓரத்தில் எடுத்தது அப்படியே நின்றது. அடிப்பாகத்தில் எடுத்ததும் நின்றது. தொட்டி வாயிலும் அதற்குக் கீழே உள்சுவரிலும் எடுத்தவை வெளுத்துவிட்டன.

"யாரோ கையுறை இல்லாமல் தொட்டிருக்கிறார்கள். வியர்வை. யார்?" என்று ஆய்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். வெங்கடகிருஷ்ணன் தமிழில் சொன்னான்.

தொட்டிக்குள் நின்றவளுக்கு எல்லாம் கேட்டது. வியர்வையா? இரண்டு துண்டு கட்டியிருந்தாளே! கையுறையும் மாட்டித்தானே... அப்போதுதான் அவள் கை பைக்குள் போனது. பழைய கையுறையை எடுத்து உள்ளங்கைப் பக்கத்தை நாக்கில் வைத்தாள். கரித்தது. பல்லில் ஒரு கல் நெரிந்தது. உள்ளே இறங்கும்போது எங்கெங்கே கை ஊன்றினாளோ, அங்கங்கே உப்பு ஏறியிருந்தது.

அதே நேரத்தில் வெளியே பிச்சைக்கனியின் குரல் கேட்டது. "நாந்தான் சார். காலைல வெல்டப் பாக்க வெறுங்கைய உள்ள விட்டேன். தப்புதான்."

எஃகுச் சுவர் அந்தக் குரலை வாங்கி அவளைச் சுற்றிச் சுற்றி அடித்தது. "அட்டையை எடு" என்று ஆய்வாளர் கை நீட்டியதை வெங்கடகிருஷ்ணன் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டிக் உறை சரசரக்கிற ஓசை அவளுக்குக் கேட்டது.

உலகம்மை உடனே பாய்ந்து வெளியே வந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை. பயந்து நின்றாள். வெளியே வந்து சொன்னால் சிரிப்பார்கள். பைத்தியக்காரி என்பார்கள். இனி தொட்டிக்குள் விடமாட்டார்கள். மறுபடி அரைச்சட்டி கலவை. அவள் முழு ஆளாக நின்ற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அந்தக் குளிர்ந்த சுவரோரம் நின்றாள். ஆனால் பிச்சைக்கனியின் சட்டைப்பை வெறுமையாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்ததும், அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவிய இல்ல சார். அது வேர்வையும் இல்ல. உப்பு. நான் போட்டது." பழைய கையுறையை நீட்டினாள். "அவியளுக்கும் தொட்டிக்கும் கண்ணு பட்டுரக்கூடாதுன்னு சுத்துனேன். தொட்டிப் பக்கத்துல வெறுங்கை ஆவாதுல்லா, அதான் இத மாட்டிக்கிட்டுச் சுத்துனேன்."

தாணு தலையில் கைவைத்தார். இந்தத் தடவை அவரைக் குறை சொல்ல முடியாது.

வெங்கடகிருஷ்ணன் இதை ஆங்கிலத்தில் சொல்லிமுடிக்கச் சிரமப்பட்டான். ஆய்வாளர் கையுறையைச் சுத்த நீரில் அலசச் சொன்னார். அதில் இரண்டு சொட்டு விட்டதும் குழாயில் தயிராகவே உறைந்தது. வெல்டு ஓரம் சுத்தமாக இருந்ததையும் வெங்கடகிருஷ்ணன் சுட்டிக் காட்டினான். "வெல்டப் பாக்கக் கைய விட்டவன் வெல்டுகிட்டத் தொடாம இருப்பானா சார்? அவர் சொன்னது எனக்கு அப்பவே ஒட்டலை" என்று தாணுவிடமும் சொன்னான்.

ஆய்வாளர் பிச்சைக்கனியை நீளமாகப் பார்த்தார். பிச்சைக்கனி தரையைப் பார்த்தான். பிறகு அவர் அட்டையை அவன் கையில் திரும்ப வைத்தார். தொட்டியைக் கழுவச் சொன்னார். யார் கழுவுவது என்று தாணு கேட்டபோது, "இவ்வளவு நேர்மையாகச் சொல்கிற ஆளைவிட வேறு யார் கழுவி நான் நம்ப?" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, முதலில் அவள் கையை முழங்கை வரை கழுவச் சொல்லி, அந்தத் தண்ணீரையும் சோதித்துத்தான் உள்ளே விட்டார். கறார் கறார்தான்.

சூடான சுத்த நீரில் நாலு தரம் கழுவினாள். ஒவ்வொரு தரமும் வெங்கடகிருஷ்ணன் சொட்டு விட்டான். முதலில் வெளுத்தது, பிறகு மங்கியது, பிறகு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக நின்றது. நாலாவது தரம் குழாய்க்குள் எதுவுமே இல்லை. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். மறுநாளே கொட்டகை வாசலில் உப்பு, மிளகாய், ஊறுகாய் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று மலையாளத்திலும் தமிழிலும் பலகை எழுதி வைத்தார்கள். தாணுவின் மாங்காய் ஊறுகாய்ப் பரணி அவர் மேசையிலிருந்து வீட்டுக்குப் போனது.

அன்று ஐந்து மணிக்கு இருவரும் பாப்பனங்கோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். உலகம்மைதான் ஆரம்பித்தாள்.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீய? அட்ட போயிருந்தா?"

"போனா போவுது. கேட்டு, கிரில்லுன்னு பழைய வேல இருக்குல்லா? ஒன்ன தொட்டிக்குள்ள விடமாட்டேன்னு சொல்லிட்டா நீ என்ன செய்வ?"

"நாந்தான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஒங்க முதுகுக்குப் பொறத்தாலல்லா நின்னேன்."

பிச்சைக்கனி பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டான். கிழக்கேகோட்டை பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இருந்தது. அவன் ஏறவில்லை, அவளும் ஏறவில்லை. பஸ் போயிற்று.

"தொட்டிதான் கண்ணாடி கணக்கா மினுங்குதுல்லா. நீ சுத்துனது அதுல தெரிஞ்சுது."

"பாத்துட்டா சும்மா நின்னீய? உப்பு ஆவாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒரு சத்தம் போட்டிருந்தா நான் நிறுத்தியிருப்பம்லா?"

"போட்டிருக்கணும்" என்றான். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சின்னதுல, நான் இருந்த வீடுகள்ல எல்லாம் அந்தந்தப் பிள்ளைகளுக்குச் சுத்திப் போடுவாவ ஏளா. நான் நடைல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்குன்னு யாரும் சுத்துனதில்ல. நாப்பது வயசாவுது. இன்னிக்கு நீ சுத்துத. எப்படி நிறுத்தச் சொல்லுவேன்? மூணாவது சுத்தும் முடியட்டும்னு அசையாம நின்னேன்."

உலகம்மை அழுதாள். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவன் தோளுக்கு எட்டாத அவள், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த பஸ்ஸையும் அவர்கள் விட்டுவிட்டார்கள்.